நடுப்பேச்சில் நின்றுபோகும் லேப்டாப்

அது சாகும்போது சத்தமே போடாது. அதுதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த மெஷின் எல்லாம் கெட்டுப்போவதற்கு முன்னால் ஊரைக் கூட்டும். தறி என்றால் தடதடக்கும். மோட்டார் என்றால் கருகிய வாடை விடும். பம்புசெட் என்றால் கிழவன் மாதிரி இருமும். என் மருமகளின் லேப்டாப் அப்படி ஒன்றும் செய்யாது. எரிந்துகொண்டிருக்கிற திரை சட்டென்று கறுத்துவிடும். அதுவரை பேசிக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் வாயைத் திறந்தது திறந்தபடி காணாமல் போய்விடும். கறுத்த கண்ணாடியில் மருமகளின் முகம் மட்டும் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அருப்புக்கோட்டையில் அடுத்தவர் தறியில் கூலிக்கு ஓட்டிப் பிழைத்தவன். இன்று சொந்தக் கொட்டகையில் பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிறது. ஒரு தறி மக்கர் செய்தால் நான் மெக்கானிக்குக்கு ஆள் விட்டதில்லை. பக்கத்தில் போய் நின்று உள்ளங்கையை அதன் மேல் வைப்பேன். எந்த இடத்தில் நோவு என்று கை சொல்லிவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவனை, இரண்டு படி அரிசி எடைகூட இல்லாத ஒரு பெட்டி வாயடைக்க வைத்துவிட்டது.

தறிக் கொட்டகைக்கு மேல் மாடியில்தான் எங்கள் குடித்தனம். மருமகள் எம்.ரெட்டியபட்டிக்காரப் பெண். அவள் படித்த படிப்பின் பெயரை எனக்கு இன்றைக்கும் முழுசாகச் சொல்ல வராது. சென்னையில் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மற்றவர்கள் எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்து அதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைக் கேட்டபோது என் மகன், "குத்தம் கண்டுபிடிக்கச் சம்பளமா? இது எங்க அப்பாவுக்குல்ல கெடச்சிருக்கணும்" என்றான். கல்யாணத்தின்போது அவளுக்கு வளையல் போட நினைத்தேன். "வளையல் வேண்டாம் மாமா, லேப்டாப் வாங்கிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்தப் பெட்டிதான் இது.

அவள் பேசும்போது கீழே தறிச் சத்தம் அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். ஒருவர், "உங்க ஊர்ல மழையா?" என்று கேட்டாராம். மழை பெய்து மறந்துபோன ஊரில் இருந்துகொண்டு அவள் என்னத்தைச் சொல்வாள்? "ஆமா சார், நல்ல மழை" என்று சொல்லிவிட்டாளாம்.

சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான். பெட்டி நடுப்பேச்சில் அணைய ஆரம்பித்தது. முதலில் எப்போதோ ஒரு தடவை. பிறகு அடிக்கடி. பிறகு கனமான வேலை எதைக் கொடுத்தாலும். ஒரு நாள் அவளுடைய மேலதிகாரிக்கும் பெரிய வாடிக்கையாளர்களுக்கும் முன்னால் அவள் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது அணைந்தது. அன்று சாயங்காலம் மேலதிகாரி போனில் சொன்னதை அவள் எங்களிடம் அப்படியே சொன்னாள். "வர்ற திங்கக்கெழமை இதே ஆளுக முன்னாடி திரும்பவும் நடத்தணுமாம். அன்னைக்கும் அணைஞ்சா, பொட்டியைக் கட்டிக்கிட்டு சென்னை ஆபீசுக்கே வந்துரணுமாம். இல்லன்னா வேலைய விட்டுறணுமாம்."

மகன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவனால் தறியை விட்டுச் சென்னைக்குப் போக முடியாது. அவள் இந்த வேலையை விட மாட்டாள். விடச் சொல்லும் தைரியம் எங்களில் எவருக்கும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருசம் முடியாத பிள்ளைகள், ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டும். அவ்வளவும் அந்தக் கறுத்த கண்ணாடியில் நின்றது.

என் வைத்தியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கரண்டுதான் காரணம் என்று முடிவு கட்டி, ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டேன். தறி லைனிலிருந்து பிரித்து மாடிக்குத் தனி லைன் இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு விடுமுறை. அன்று கம்ப்ரசர் காற்றைக் குழாயில் பிடித்துத் தறிகளில் படிந்த பஞ்சை எல்லாம் ஊதிச் சுத்தம் செய்வது எங்கள் தொழிலில் வழக்கம். இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்தே, கடைசியாக அதற்கும் ஒரு ஊது ஊதிவிடச் சொல்லியிருந்தேன். மகன் அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் இருக்கும் ஓட்டைகளில் சுருக்கென்று காற்றடிப்பான். அடிப்பக்கம் பளிச்சென்று ஆகிவிடும். பெட்டி அணைய ஆரம்பித்த பிறகு அதை இன்னும் அழுத்தமாக அடிக்கச் சொன்னேன். என் மனைவி தன் பங்குக்குத் திருநீறு பூசினாள். அந்தத் திருநீற்றையும் மகன் ஊதிவிட்டான்.

பஜாரில் ஒரு கடையில் கொடுத்தோம். உள்ளே இருந்த புரோகிராமை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் கடையில் ஏசிக்குள் அரை நாள் சும்மா எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து வேலை ஆரம்பித்ததும் அணைந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "விடு தாயி. மதுரைக்குப் போவோம். இதவிடப் பெருசா ஒன்னு புதுசு வாங்கிருவோம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "காரணம் தெரியாம புதுசு வாங்கினா என்ன மாமா ஆகும்? அதே ரூம்பு, அதே கரண்டு, அதே நாம. அதுவும் இங்க வந்து இப்படித்தான் விழும்."

"அப்ப என்ன செய்யங்குற?"

"ஒன்னே ஒன்ன மட்டும் மாத்தணும். மத்தது எல்லாத்தையும் அப்படியே விட்டுறணும். விழுதான்னு பாக்கணும். விழுந்தா, மாத்தினது காரணம் இல்ல. அடுத்தத மாத்தணும்."

என் ஆயுசில் நான் அப்படி எதையும் செய்ததில்லை. தறி நின்றால் பெல்டை இறுக்குவேன், எண்ணெய் விடுவேன், நாலு திருகைத் திருப்புவேன், ஒரு தட்டும் தட்டுவேன். ஓடிவிடும். எதனால் ஓடியது என்று யாராவது கேட்டிருந்தால் என் கைராசி என்று சொல்லியிருப்பேன். இந்தப் பெண்ணோ, ஓட வைப்பதற்கு முன்னால் ஏன் நிற்கிறது என்று கேட்கிறாள். வேலை போகப்போகிறது, வீடு இரண்டாகப்போகிறது, அப்போதும் அவசரப்படாமல் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வருகிறாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி சிலிர்ப்பாக இருந்தது.

முதலில் கரண்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டினாள். அணைந்தது. "கரண்டு இல்ல" என்றாள். என் ஸ்டெபிலைசர் மூலைக்குப் போயிற்று. அடுத்து, தறி ஓடும் அதிர்வு மேசை வழியாக ஏறுகிறதோ என்று சந்தேகப்பட்டாள். "மாமா, கொஞ்ச நேரம் தறிய நிப்பாட்ட முடியுமா?" என்று கேட்டாள். வேலை நேரத்தில் எல்லாத் தறியையும் நிறுத்தச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நிறுத்தினேன். கீழே வேலை பார்க்கிற பெண்கள் படியேறி வந்து, "என்ன முதலாளி, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்டார்கள். தறி நின்றிருந்தபோதும் பெட்டி அணைந்தது. "அதிர்வும் இல்ல" என்றாள்.

மிச்சம் இருந்தது இந்த வீடுதான். வீட்டையே மாற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். சனிக்கிழமை காலையில் அவளும் நானும் அவள் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினோம். மகனால் தறியை விட்டு வர முடியவில்லை. பெட்டியை நான் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, பச்சப்புள்ளையக் கொண்டுபோற மாதிரில்ல கொண்டுபோறீக?" என்றார்.

"பச்சப்புள்ளயா இருந்தா பசிச்சா அழுதுருமேப்பா" என்றேன்.

ரெட்டியபட்டியில் சம்பந்தி வீடு ஊர்க் கடைசியில், பருத்திக் காட்டை ஒட்டி. சம்பந்தியம்மா மட்டும்தான் இருந்தார். மோரைக் கொடுத்துவிட்டு வெளியில் விறகுக்குக் காய்ந்த பருத்தி மாரை அடுக்கப் போனார். மருமகள் உள்ளறையில் பெட்டியைத் திறந்து, அதற்குக் கனமான வேலையாகக் கொடுத்தாள். தறி இல்லை, எங்கள் கரண்டு இல்லை, எங்கள் வீடும் இல்லை. கொஞ்ச நேரம் ஓடிற்று. நான் மனதுக்குள் சிரிக்க ஆரம்பித்தேன். திரை கறுத்தது.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ஆனால் அவள் குரலில் வருத்தம் இல்லாததுதான் ஆச்சரியம். "அப்ப நோவு வெளிய எங்கயும் இல்ல மாமா. இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். எல்லாக் கதவையும் சாத்தியாயிற்று, இனி ஒரே கதவுதான் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

மறுபடியும் ஓட விட்டாள். அப்போதுதான் சம்பந்தியம்மா உள்ளே வந்தார். வாசல்படியிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஏத்தா, அந்தப் பொட்டிக்குள்ள சில்வண்டு கெடக்கா? இப்படிக் கத்துது?"

நானும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"என்ன சத்தம்மா?"

"கீன்னு கத்துது பாரு. அண்ணே, ஒங்களுக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்கவில்லை. தறியடியில் வாழ்ந்தவன் காதுக்குச் சின்னச் சத்தம் எதுவும் ஏறாது. அது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. மருமகள் குனிந்து காதை வைத்தாள். "ஆமா மாமா" என்றாள் மெதுவாக. "ஃபேனு. வீச முடியாம வீசுது." எங்கள் மாடியில் இருக்கும்போது அவள் காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும். ஹெட்போனைக் கழற்றினால் தறி. இத்தனை நாளும் அந்தப் பெட்டி ஓலமிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சத்தமில்லாமல் சாகிறது என்று நான் நினைத்திருந்தேன். கேட்கத்தான் எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

நான் உள்ளங்கையை அதன் அடியில் வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். தோசைக்கல்.

"சூடு எல்லை தாண்டுது மாமா. தாண்டினா உள்ள இருக்கறது கருகிப்போகும். கருகறதுக்கு முன்னாடி அதுவே தன்னை அணைச்சுக்கிருது."

"அதுவாவா?"

"அதுவா."

இதைக் கேட்டதும் எனக்குத் தறிதான் ஞாபகம் வந்தது. தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்தால், ஒரு சின்ன முள் அதை உணர்ந்து தறியைத் தானாக நிறுத்திவிடும். துணி கெடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. நல்ல தறிக்கு அது லட்சணம். நிற்கத் தெரியாத தறிதான் மோசமான தறி. அப்படியானால் இந்தப் பெட்டி எங்களை ஏமாற்றியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைப் போய்க் கண்டபடி திட்டியிருக்கிறோம்.

திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. காற்று வராமல் சன்னலைச் சாத்தினாள். வெளிச்சத்துக்காகப் பெட்டியை வாசற்கதவுக்கு நேரே, ஒரு வெள்ளை வேட்டியின் மேல் கவிழ்த்து வைத்தாள். போனில் ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கொண்டுவந்திருந்த சின்ன ஸ்குரூ டிரைவரால் திருகுகளைக் கழற்றிச் சில்வர் தட்டில் போட்டாள். எள்ளை விடக் கொஞ்சம்தான் பெரிசு. பெரிய பெரிய நட்டுகளைப் பல்லைக் கடித்துத் திருப்பிய நான், அந்தத் தட்டை ஒரு கையில் ஏந்தி நின்றேன். தும்மல் வந்தால் எல்லாம் போச்சு என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அடி மூடி கழன்று வந்தது.

நான் கோயில் கோபுரத்தின் உள்ளே ஏறிப் பார்த்திருக்கிறேன். நூல் மில்லின் பெரிய கூடத்தை இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடி வரை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வந்த மலைப்பு இந்த ஒரு சாண் அகலத்தில் வந்தது. பச்சைத் தகட்டில் வீதி வீதியாக ஊர். பொடிப்பொடி வீடுகள். நடுவில் செம்புக் குழாய் ஒன்று வளைந்து ஓடுகிறது. ஓரத்தில் ஒரு ரூபாய் அப்பளம் அளவுக்குக் காற்றாடி. அதை ஒட்டி, செம்புத் தகடுகளை நெருக்க நெருக்கமாக நிறுத்திய ஒரு சீப்பு.

"ஏத்தா" என்றேன். "இது அச்சுல்ல?"

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் ஒவ்வொன்றாக நுழைந்து வருகிற எஃகுச் சீப்புக்கு அச்சு என்று பெயர். அதன் பல்லிடுக்கில் பஞ்சு அடைத்தால் துணியே கெட்டுவிடும். இதுவும் அதே வார்ப்பு. நூலுக்குப் பதில் இதில் காற்று நுழைந்து போகிறது. எவனோ எங்கேயோ, அருப்புக்கோட்டை என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாதவன், இதற்குள் ஒரு அச்சைச் செய்து வைத்திருக்கிறான்.

காற்றாடியைக் கழற்றியதும் அச்சின் உட்பக்கம் தெரிந்தது. பல் ஒன்றும் தெரியவில்லை. கம்பளி மாதிரி ஒன்று இறுகிப்போய் மூடியிருந்தது.

என் சட்டைப் பையில் பேனா இருக்காது. பாவு இழுக்கிற கொக்கி இருக்கும். அதை நீட்டினேன். "நீங்களே எடுங்க மாமா. ஒங்களுக்குத்தான் கை பழக்கம்" என்றாள். பல்லில் படாமல், ஓரத்தில் கொக்கியைக் கொடுத்து மெதுவாக இழுத்தேன். ஒரே துண்டாக, சின்னப் பட்டை போல வந்தது. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

அது கோடு கோடாக இருந்தது. ஒரு வரி அரக்கு. அதன் மேல் கிளிப்பச்சை. பிறகு மஞ்சள். பிறகு மயில்நீலம். மறுபடியும் அரக்கு. சேலைக் கரை மாதிரி அடுக்கடுக்காக.

எனக்கு அது புரிய நேரம் ஆகவில்லை. அரக்கு, தீபாவளிக்கு ஓட்டிய பாவு. கிளிப்பச்சை அதற்கடுத்த வாரங்களில் ஓடியது. மஞ்சள் பொங்கலை ஒட்டி. எந்த நிறப் பாவு எப்போது ஓடியது என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தறிகளில் நெய்ததை எல்லாம் இந்தப் பெட்டியும் தனக்குள்ளே உட்கார்ந்து ஒரு விரல் அகலத்துக்கு நெய்து வைத்திருக்கிறது! மாடி வரை மிதந்து வந்த பஞ்சுதான். மருமகளும் சம்பந்தியம்மாவும் மாறி மாறி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

அந்த ஆச்சரியத்திலிருந்து மருமகள்தான் முதலில் மீண்டாள். "மெதந்து வந்த பஞ்சு இப்படி வரி வரியா இறுகாதே மாமா" என்றாள். பட்டையை விரலில் தேய்த்து முகர்ந்தாள். "எண்ணெ வாடை அடிக்குது."

கம்ப்ரசர் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும். ஞாயிறுதோறும் நாங்கள் அடியிலிருந்து அடித்த காற்று, அந்த வாரத்துப் பஞ்சை வெளியே தள்ளவில்லை. உள்ளே கொண்டுபோய் அச்சில் அறைந்து, எண்ணெய் போட்டுப் படியவைத்திருக்கிறது. அடிப்பக்கம் பளிச்சென்று இருந்ததால் அவளுக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. தறியின் பஞ்சு ஊதினால் பறந்துவிடும். அது நாலு பக்கமும் திறந்தது. இது மூடிய பெட்டி. எந்தத் தறிக்காரன் வீட்டில் இந்தப் பெட்டி இருந்தாலும் அவனும் இதைத்தான் செய்திருப்பான்.

மகனுக்கு போன் போட்டுச் சொன்னாள். அவன் கத்தியது ஒட்டிநின்ற எனக்கே கேட்டது. "அப்ப நாந்தேன் அது மூச்ச அடைச்சேனா? அப்பாதான் அழுத்தி அடி அழுத்தி அடின்னாக!"

நான் போனை வாங்கி, "ஏலே, காத்து அடிச்சது தப்பில்ல. எந்தப் பக்கம் அடிச்சோங்கறதுதான் விசயம்" என்றேன். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

பல்லிடுக்கு ஒவ்வொன்றையும் கொக்கியால் சுத்தம் செய்தேன். அவள் காற்றாடியைத் துடைத்து மாட்டினாள். மூடினோம். அன்று பொழுது சாய்கிற வரை அதற்கு வேலை மேல் வேலை கொடுத்தாள். அணையவில்லை. ஆனாலும் அவள் நம்பவில்லை. "நம்ம வீட்டுல, தறி ஓடும்போது, கூட்டம் நடக்கும்போது அணையாம இருந்தாத்தான் சரியானதுன்னு அர்த்தம்" என்றாள்.

திங்கட்கிழமை வந்தது. தறியை நிறுத்திவைக்கிறேன் என்று நானாகச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். "எல்லாம் எப்பவும் போல ஓடட்டும் மாமா. இன்னைக்கு மட்டும் நிப்பாட்டினா, நாளைக்கு எனக்குப் பயம் வந்துரும்."

அவள் பேசத் தொடங்கினாள். கேமராவில் தெரியாமல் மேசைக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தேன். இங்கிலீசில் என்னென்னவோ ஓடிற்று. எனக்குப் புரியாதது பாதி, கேட்காதது மீதி. திரையைப் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிற மெல்லிய பிளவுக்கு நேரே உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். வெதுவெதுவென்று ஒரு காற்று வந்தது. தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் கை வைத்தால் வருமே, அந்த அளவு. அவள் வேகமாகப் பேசும்போது, திரையில் படங்கள் மாறும்போது, அந்தக் காற்றும் கூடியது. பிறகு தணிந்தது. மறுபடி கூடியது. நான் கையை எடுக்கவில்லை. என் கைக்கு எந்தத் தறியும் இவ்வளவு பேசியதில்லை.

போன தடவை அணைந்த இடம் வந்தபோது அவள் ஒரு கணம் நிறுத்தியது தெரிந்தது. காற்று நிற்கவில்லை. அவள் மேலே பேசினாள்.

கூட்டம் முடிந்த பிறகும் மேலதிகாரி அவளை இருக்கச் சொல்லிப் பேசினார். அவள் "ஓகே சார், ஓகே சார்" என்றாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து படியிறங்கி ஓடினாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

கொட்டகைக்குள் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. கையால்தான் பேச்சு: கூப்பிடுவதும், சாப்பாடு வந்ததைச் சொல்வதும், ஒருவரை ஒருவர் கேலி செய்வதும்கூட. அந்தப் பேச்சை அவள் எப்போது பழகினாள் என்று எனக்குத் தெரியாது. கடைசித் தறியில் நின்ற மகன் அவளைப் பார்த்துவிட்டான். புருவத்தை மட்டும் தூக்கினான்.

அவள் வலது கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலால் தன் காலடித் தரையைக் குத்திக் குத்திக் காட்டினாள். இங்கதான். இங்கயேதான்.

அவன் சிரித்ததைப் பார்த்து மற்றத் தறிப் பெண்களும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து அவன் தறியில் ஊடை அறுந்தது. தறி தானாக நின்றது.